மூன்று மடிப்பு அட்டை

பைக்குள் கையை விட்டதுமே விரலில் ஏதோ பிசுக்கென்று ஒட்டியது. மோந்து பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம். ஆனால் பதினெட்டு வருடமாக அடிபட்ட கார்களுக்குள் தலையை விட்டு மோந்து பார்த்தே சம்பாதிக்கிறவனுக்கு மூக்கு சும்மா இருக்காது. எட்டு மாதத்துக்கு முந்தைய காராசேவு எண்ணெய். அதோடு பென்சில் தூள், கொஞ்சம் பூஞ்சை, ஜிப்பின் இடுக்கில் காய்ந்துபோன ஒரு கரப்பான் கால். கால் மட்டும். மிச்சக் கரப்பான் எங்கே என்று தேட மனம் வரவில்லை. பையைத் தலைகீழாகக் கவிழ்த்துச் சாப்பாட்டு மேஜை மேல் உதறினேன். என் மனைவி செண்பகா இப்போதுதான் துடைத்துவிட்டுப் போன மேஜை, விரால் குழம்பின் வாடை இன்னும் போகவில்லை, அதன் மேல் இந்தக் குப்பை. மணி ஒன்று நாற்பது. மூன்று மணிக்குப் பொன்மலையில் சகாயம் வீட்டில் இருக்க வேண்டும். உறையூரிலிருந்து ஸ்கூட்டரில் அரை மணி. ஸ்கூட்டரில் கால் வைக்கிற இடத்தில் நிற்கிற அளவுக்கு ஒரே ஒரு பை, அதற்குள் ஒரு துறைமுகம், ஒரு கடல், நாற்பது ஐம்பது மனிதர்கள், அவர்களுடைய சாவு வாழ்வு எல்லாம் அடங்க வேண்டும். ஆறு வருடமாக இந்த ஆட்டம் என் வீட்டில், இந்த மேஜையில்தான் நடந்தது, மூட்டை கட்டுகிற வேலையே வந்ததில்லை. முதல் தடவையாகக் கட்டுகிறேன். கட்டக் கட்டக் குமட்டுகிறது.

இது என்ன ஆட்டம் என்று கேட்கிறவர்களுக்குச் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது. நாலு பேர் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு ஒரு கதைக்குள் போவது, அவ்வளவுதான். ஒருவன் கதையை நடத்துவான், அது நான். மற்ற மூன்று பேரும் ஆளுக்கு ஒரு பாத்திரம். நான் கப்பல் உடைகிறது என்பேன், அவர்கள் நீந்துகிறேன் என்பார்கள், நீந்த முடிந்ததா முழுகினார்களா என்று இருபது முகம் உள்ள பகடை சொல்லும். எண் பெரிதாக விழுந்தால் நினைத்தது நடக்கும், சின்னதாக விழுந்தால் நடக்காது. அவர்கள் எல்லோர் கண் முன்னாலும் உருட்ட வேண்டும். நான் மட்டும், எனக்கு முன்னால் நிறுத்தி வைத்த மூன்று மடிப்பு அட்டைக்குப் பின்னால் உருட்டலாம், ஏனென்றால் அங்கே கதையின் ரகசியக் குறிப்புகள் கிடக்கும், அதை அவர்கள் பார்த்துவிடக் கூடாது. எண்ணை நான் வாயால் சொல்வேன். அவர்கள் நம்புவார்கள். ஆறு வருடம் நம்பினார்கள், நாற்பத்து நாலு வயது ஆளான எழில்வாணன், இன்சூரன்ஸ் சர்வேயர், ஊரான் சொல்கிற பொய்யை எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புகிறவன், நான் சொன்ன எண்ணை நம்பினார்கள். மேஜையில் கிடந்த பெரிய பகடையை எடுத்தேன். எலுமிச்சம்பழம் பருமன். கண்ணாடி போட்ட பிறகும் சின்ன எண் தெரியவில்லை என்று வாங்கியது. அதன் கோடுகளில் எல்லாம் அழுக்கு ஏறிக் கறுத்திருந்தது. கை அழுக்கு. பழைய பல்துலக்கும் பிரஷ் ஒன்றை எடுத்து வந்து சோப்புத் தண்ணீரில் தேய்த்தேன். பதினேழிலிருந்து அழுக்கு போனது, இரண்டிலிருந்து போனது, நாலைத் தேய்க்காமல் பகடையைத் திருப்பினேன். திருப்பியதும் எனக்கே தெரிந்தது, ஒரு எண்ணுக்குப் பயந்து கையைத் திருப்புகிறேன். தூ என்று இருந்தது. நாலையும் தேய்த்தேன்.

பென்சில்கள் ஆறு. குமரவேல் கடித்த பென்சில்கள். பாலக்கரையில் மருந்துக்கடை வைத்திருக்கிறவன், ஊருக்கெல்லாம் சுத்தம் சொல்கிறவன், இங்கே வந்து உட்கார்ந்தால் பென்சிலைக் கரும்பு மாதிரி மென்று வைப்பான். பல் பதிந்த இடத்தில் எச்சில் காய்ந்து வெள்ளையாக ஒரு பூச்சு. நாலைத் தூக்கிப் போட்டேன். நாலு என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை, ஐந்தாவதையும் தூக்கிப் போட்டேன். அட்டைத் துண்டுகள் ஒரு கட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு ஆளின் பெயர், தொழில், என்ன ஆசை, எதற்குப் பயப்படுவான். என் கையெழுத்து. எவ்வளவு எழுதியிருக்கிறேன். மூழ்கித்துறை என்று ஒரு ஊர், பாதி கடலுக்குள் போய்விட்ட ஊர், அந்த ஊரின் சுங்க வரி பற்றி மட்டுமே நாற்பது பக்கம். ஒருவரும் படிக்கவில்லை. நிலோபர் மட்டும் இரண்டு பக்கம் படித்துவிட்டு நன்றாயிருக்கிறது என்றாள், கல்லூரியில் பிள்ளைகளின் நோட்டுக்கு டிக் அடிக்கிற அதே குரலில். அவர்கள் எல்லோருக்கும் வேண்டியிருந்தது பவளம்தான். சகாயத்தின் பவளம். ரயில்வே பணிமனையில் ஃபிட்டர் வேலை பார்க்கிற, மீசையில் பாதி நரைத்த, நூறு கிலோ ஆள், ஒற்றைக்கண்ணும் ஐம்பது வயதுமாக ஒரு படகுக்காரிக்குக் குரல் கொடுப்பான். வாயைத் திறந்தால் பொய்தான் சொல்வாள் பவளம், ஆனால் யார் வந்தாலும் முதலில் சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டுத்தான் பொய் சொல்வாள். அந்தக் குரலைக் கேட்டாலே மேஜை சிரிக்கும். சமையலறையில் செண்பகா சிரிப்பாள். மறுநாள் போனில் குரூப்பில் பவளம் இப்படிச் சொன்னாள், பவளம் அப்படிச் சொன்னாள் என்று வரும். கலங்கரை விளக்கத்தின் நானூறு வருடச் சரித்திரத்தைப் பற்றி ஒரு வார்த்தை வராது. நான் கட்டின ஊரில் அவள் குடியிருந்தாள், ஊர் அவள் பெயரில் ஓடியது. எரிச்சல். இல்லை, அந்தச் சொல் போதாது, பொறாமை. இல்லாத ஒரு பொம்பளை மேல் பொறாமை. வெளியே சொன்னால் காறித் துப்புவார்கள்.

அடுத்தது விரிப்பு. அதுதான் பையில் பெரிது, அதை முதலில் வைத்தால்தான் மற்றது எல்லாம் அடங்கும், அதைத்தான் கடைசி வரை தொடாமல் தள்ளிக்கொண்டே வந்தேன். சுருட்டிக் கட்டிய ரப்பர் பேண்டு உருகி ஒட்டிக்கொண்டிருந்தது. நகத்தால் சுரண்டி எடுத்து மேஜையில் விரித்தேன். கட்டம் கட்டமாக அச்சிட்ட ரெக்சின் விரிப்பு. இதில் தண்ணீரில் அழிகிற பேனாவால் வழி, சுவர், கதவு என்று வரைந்து, சட்டைப் பொத்தான்களை ஆள்களாக நகர்த்தி, ஆட்டம் முடிந்ததும் ஈரத் துணியால் துடைத்துவிடுவோம். எல்லா ஊரும் துடைத்தால் போய்விடும். போகாதது ஒன்றே ஒன்று. விரிப்பின் நடுவில் கறுப்பாக, நேற்று வரைந்தது போல, ஒரு அறை. நாலு சுவர், ஒரு கதவு, உள்ளே ஒரு கிணறு. அன்றைக்கு அவர்கள் நான் நினைக்காத வழியில் போனார்கள், பவளம்தான் இழுத்துக்கொண்டு போனாள், அவசரத்தில் கைக்கு அகப்பட்ட பேனாவை எடுத்து வரைந்தேன். அது என் ஆபீஸ் பேனா. நசுங்கின பம்பர், உடைந்த விளக்கு, எல்லாவற்றிலும் கேஸ் நம்பர் எழுதுகிற பேனா. கராஜ்காரன் அழித்துவிட்டு வேறு வண்டிக்கு அதே உடைசலைக் காட்டக் கூடாது என்பதற்காக அழியாத மையாகப் பார்த்து வாங்கினது. அந்த மையால் பவளம் செத்த அறையை வரைந்தேன்.

வியாழக்கிழமை மாலை சகாயம் போன் செய்தான். எட்டு மாதத்துக்குப் பிறகு. குமரவேல் வீட்டுக் கல்யாணத்துக்கு வரவில்லை, தீபாவளிக்கு வரவில்லை, திடீரென்று வாணா என்றான், பாலிடெக்னிக்கில் ஹாஸ்டல் ஜன்னலில் நின்று கூப்பிடுகிற அதே மாதிரி. ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தை மறுபடி ஆரம்பிக்கலாம், இந்தத் தடவை எங்கள் வீட்டில் வைத்துக்கொள்ளலாம், நிலோபரிடமும் குமரவேலிடமும் சொல்லிவிட்டேன், நீ சாமான்களை மட்டும் எடுத்துக்கொண்டு வா என்றான். அப்புறம் கொஞ்சம் நிறுத்தினான். “அன்னிக்கு அழுதது அசிங்கமாப் போச்சுடா. மனசுல வச்சுக்காத” என்றான். நான் என்ன சொன்னேன்? அதெல்லாம் பரவாயில்லை விடு என்றேன். மன்னித்தேன். நான் அவனை மன்னித்தேன். சொன்ன நிமிடத்தில் தொண்டைக்குள் புளிப்பாக ஏதோ ஏறியது, இப்போதும் ஏறுகிறது, அது விரால் குழம்பு அல்ல. புது ஆள் ஒன்று எழுதி வைத்திருக்கிறான், பவளத்தின் தம்பி. அந்த ஆளுக்கு ஒரே வேலை, அக்காவின் உடம்பை அந்த அறையிலிருந்து எடுத்துக்கொண்டு போய் அடக்கம் செய்ய வேண்டும், அதற்குப் பிறகு அவன் இருந்தாலும் சரி செத்தாலும் சரி என்றான். அந்த அறை இருக்கிறதா, துடைத்துவிட்டாயா என்று கேட்டான். துடைத்துவிட்டேன் என்றேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை, வாய் தானாகச் சொல்லிவிட்டது, பழகிப்போய்விட்டது போல. சரி, திரும்ப வரைந்துகொள்ளலாம் என்றான். ஆகவே இப்போது என் வேலை என்னவென்றால், மூன்று மணிக்கு அவன் முன்னால் இந்த அறையைப் புதிதாக வரைய வேண்டும், அதற்காக ஒன்றே முக்காலுக்கு இந்த அறையை அழிக்க வேண்டும். அதே நாலு சுவர். அதே கிணறு.

முதலில் ஈரத்துணி. பிறகு சோப்பு. பிறகு குமரவேல் கடையில் வாங்கின ஸ்பிரிட், பஞ்சில் நனைத்துத் தேய்க்கத் தேய்க்க ஆஸ்பத்திரி வாடை வீடு முழுக்க அடித்தது, செண்பகா உள்ளேயிருந்து என்னங்க அது என்று கேட்டாள், ஒன்றுமில்லை என்றேன். பஞ்சு மட்டும் கறுத்தது, சுவர் அப்படியே நின்றது. தேய்க்கிற தாளத்தில் எட்டு மாதத்துக்கு முந்தைய அந்த ஞாயிற்றுக்கிழமை மேலே வந்தது, வராதே என்றால் நிற்கிறதா. பதினோரு நாள் எழுதினேன் அந்தப் பேச்சை. துறைமுகத்தை முழுங்கினவன், கிணற்றுக்குள்ளிருந்து எழுந்து வந்து, எதற்காக இந்த ஊரைக் கடலுக்குக் கொடுத்தேன் என்று சொல்ல வேண்டிய பேச்சு. ஆறு வருடக் கதையின் முடிச்சு அது. வண்டி ஓட்டும்போது சொல்லிப் பார்த்தேன், குளிக்கும்போது சொல்லிப் பார்த்தேன், குரலைக் கனமாக்கிக்கொண்டு, மூச்சை எங்கே விடுவது என்றுகூடக் குறித்து வைத்திருந்தேன். அட்டைக்குப் பின்னால் எழுந்து நின்று ஆரம்பித்தேன். இரண்டாவது வரியில் பவளம் குறுக்கே புகுந்தாள். “சாப்பிட்டியாப்பா? மூஞ்சி வாடியிருக்கே.” அவ்வளவுதான். நிலோபர் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தாள். குமரவேலுக்குப் புரையேறியது. செண்பகா கையில் கரண்டியோடு வாசற்படிக்கு வந்து நின்று சிரித்தாள். நானும் சிரித்தேன், சிரிக்காமல் இருக்க முடியுமா, பல்லைக் காட்டினேன், காது இரண்டும் எரிந்தது. பேச்சு செத்துப்போய்விட்டது. உட்கார்ந்தேன். சரி, அவன் பவளத்தை அடிக்கிறான் என்றேன். பகடையை எடுத்து அட்டைக்குப் பின்னால் உருட்டினேன். அவன் அடி விழுவதற்குப் பதினைந்துக்குக் குறையாமல் வர வேண்டும். நாலு வந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்தேன், கொஞ்ச நேரம் என்றால் ஒரு மூச்சு, அதற்குள் எவ்வளவு தெளிவாக யோசித்தேன் என்று நினைத்தால்தான் அருவருப்பாக இருக்கிறது. கோபத்தில் வாய் தவறி வந்ததல்ல. இருபது என்றால் சந்தேகப்படுவார்கள், பத்தொன்பது என்று சொன்னால் நம்புவார்கள் என்று கணக்குப் போட்டுச் சொன்னேன். பத்தொன்பது என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை அப்போது. ஆறு வருடத்தில் அந்த மேஜையில் யாரும் செத்ததில்லை. நிலோபர், வேண்டாம் எழில், திரும்ப ஒரு தடவை உருட்டு என்றாள். நான் கையை விரித்தேன். பகடை சொல்லிடுச்சு, நான் என்ன பண்றது என்றேன். அந்த வாக்கியத்தை நான் வேலையில் தினம் சொல்கிறேன், ரூல் சொல்லிடுச்சு சார், நான் என்ன பண்றது, வண்டி போன ஆள் எதிரே நின்று அழும்போது சொல்கிற அதே முகத்தோடு சொன்னேன். சகாயம் முதலில் என் தோளுக்கு மேலே பார்த்தான், அவன் எப்போதும் அப்படித்தான், யோசிக்கும்போது என் பின்னால் ஷோகேஸில் செண்பகா விளையாட்டில் வாங்கின கப்புகளையே பார்த்துக்கொண்டிருப்பான், எத்தனை என்று எண்ணி முடித்தீர்களா அண்ணே என்று அவள்கூடக் கேலி செய்வாள். பிறகு என் முகத்தைப் பார்த்தான். கண் நிரம்பி மீசையில் இறங்கியது. பெரிய ஆள் அழுவதைப் பக்கத்திலிருந்து பார்த்தால் எப்படி இருக்கும், மூக்கு சிவந்து, உதடு கோணி, எனக்குச் சீ என்று இருந்தது, இல்லாத ஒருத்திக்காக இப்படி அழுகிறானே என்று நிஜமாகவே வெறுத்தேன். எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தான். பவளத்தைப் பற்றி எழுதின தாளை எட்டாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். அவளுக்கு அடையாளமாக வைத்திருந்த சிவப்புக் கோட்டுப் பொத்தானை மட்டும் எடுக்கவில்லை, கிணற்றுப் பக்கத்தில் அந்தக் கட்டத்திலேயே விட்டுவிட்டு, வருகிறேன் என்று செண்பகாவிடம் சொல்லிக்கொண்டு போனான். அப்புறம் எட்டு மாதம் வரவில்லை. கேட்டவர்களிடம் எல்லாம் நான் சொன்னேன், ஆட்டத்தில் தோற்றால் அழுகிற ஆள்களோடு எப்படி ஆடுவது என்று. சிரித்துக்கொண்டே சொன்னேன்.

செண்பகாவின் நகப்பூச்சு அழிக்கிற பாட்டிலை எடுத்து வந்தேன். பஞ்சை முக்கி வடக்குச் சுவரில் வைத்து அழுத்தித் தேய்த்ததும் ஏதோ கரைந்தது. ஆகா என்று குனிந்து பார்த்தால் கரைந்தது கட்டங்கள். அச்சிட்ட கட்டக் கோடுகள் எல்லாம் சாம்பல் நிறத்தில் குழம்பிப் பஞ்சோடு வந்துவிட்டன, ரெக்சின் மேல்தோல் பிசுபிசுவென்று இளகி விரலில் நூல் நூலாக இழுத்தது. சுவர் மட்டும் அப்படியே இருந்தது, சுற்றிலும் எதுவும் இல்லாததால் இன்னும் கறுப்பாக. கண்றாவி. பாட்டிலை மூடினேன், மூடி தப்பாக மாட்டி மேஜையில் வழிந்தது, மேஜை வார்னிஷ் ஒரு வட்டமாக வெளுத்தது. மணி இரண்டு பத்து. செண்பகா வந்து பார்த்தாள். பி.டி. டீச்சர், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை மைதானத்தில் நிறுத்திப் பழகின பார்வை அவளுக்கு, எதையும் இரண்டு தடவை பார்க்க மாட்டாள். பாட்டிலைப் பார்த்தாள், மேஜையைப் பார்த்தாள், “அந்த அண்ணன் வீட்டுக்குப் போறதுக்கு இவ்வளவு தேய்க்கணுமா” என்றாள், போய்விட்டாள். அதில் என்ன அர்த்தம் வைத்துச் சொன்னாள் என்று யோசித்து யோசித்து, ஒன்றுமே இல்லை, சும்மா சொன்னாள் என்று முடிவு செய்தேன். ஆனாலும் பயம் வந்துவிட்டது. இவளுக்குத் தெரியுமோ. தெரிய வழியில்லை. அட்டை இருந்தது. அட்டைக்குப் பின்னால் நடந்தது எனக்கும் பகடைக்கும்தான் தெரியும்.

அட்டையை எடுத்தேன். கெட்டி அட்டை, மூன்று மடிப்பு, வெளிப்பக்கம் நிலோபர் வரைந்து கொடுத்த கடலும் கலங்கரை விளக்கமும், உள்பக்கம் நான் ஒட்டின பட்டியல்கள். மடிப்பில் போட்ட டேப் பழுத்துப் பிசின் கசிந்து, அதில் ஒரு கொசுவும் கொஞ்சம் தலைமுடியும். என் தலைமுடிதான். நிற்கிறதா என்று பார்க்க, வழக்கமாக நான் உட்காருகிற பக்கத்தில், ஷோகேஸுக்கு முதுகு காட்டின நாற்காலிக்கு முன்னால், மேஜையில் நிறுத்தினேன். நின்றது. ஈரப் பகடை உலரட்டும் என்று அட்டைக்குப் பின்னால் இடது பக்கத்தில் வைத்தேன். நான் இடது கைக்காரன், எப்போதும் அங்கேதான் உருட்டுவேன். பிறகு விரிப்பின் அந்த ஓரத்தைத் துடைப்பதற்காக மேஜையைச் சுற்றிப் போய் எதிர்மூலை நாற்காலியில் உட்கார்ந்தேன். சகாயத்தின் நாற்காலி. இந்த ஆறு வருடத்தில் அதில் நான் ஒரு தடவைகூட உட்கார்ந்ததில்லை. உட்கார்ந்து, பஞ்சைத் தேடி, நிமிர்ந்தேன்.

ஷோகேஸ். அதன் உள்முதுகு முழுக்க முகம் பார்க்கிற கண்ணாடி பதித்தது, கப்புகள் இரட்டிப்பாகத் தெரிய வேண்டும் என்று செண்பகா கேட்டுச் செய்தது. மாவட்ட அளவில் குண்டு எறிந்து வாங்கின கப்புக்கும் பக்கத்துக் கேடயத்துக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி. அந்த இடைவெளியில் என் காலி நாற்காலியின் கைப்பிடி தெரிந்தது, அட்டையின் உள்பக்கம் தெரிந்தது, நான் ஒட்டின பட்டியல் தெரிந்தது, அதற்கும் கீழே, விளக்கு வெளிச்சத்தில், எலுமிச்சம்பழம் பருமனில் பகடை. மேல்முகத்தில் பதினொன்று. கண்ணாடியில் எப்படித் திரும்பினாலும் பதினொன்று பதினொன்றுதான். எழுந்து ஓடினேன், ஓடினேன் என்றுதான் சொல்ல வேண்டும், நாற்காலியை இடித்துக்கொண்டு போய்ப் பகடையைத் திருப்பி நாலை மேலே வைத்தேன், திரும்பி வந்து அவன் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். இடம் வலம் மாறிய ஒரு நாலு. சின்னக் குழந்தை தப்பாக எழுதின நாலு மாதிரி. தப்பாக எழுதினாலும் நாலு. அதைப் பத்தொன்பது என்று குருடன்கூடச் சொல்ல மாட்டான். நான் உட்கார்ந்திருந்தால் என் உடம்பு மறைத்திருக்காதா என்று யோசித்தேன். மறைக்காது. இடது முழங்கைக்கு வெளியேதான் பகடை கிடக்கும். ஆறு வருடம். பதினெட்டு வருடமாக வண்டி வண்டியாகக் குனிந்து பார்த்து, பெயிண்ட் எங்கே புதிது, ஆணி எங்கே கழற்றி மாட்டியது என்று கண்டுபிடிக்கிறவன், என் முதுகுக்குப் பின்னால் கண்ணாடியை வைத்துக்கொண்டு மறைப்பு கட்டி உட்கார்ந்திருந்தேன்.

அவன் கப்பை எண்ணவில்லை. எந்த நாளும் எண்ணவில்லை. ஆறு வருடமும் என் ஒவ்வொரு எண்ணையும் நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் பார்த்துவிட்டான். நிலோபரின் பாத்திரமான வைத்தியனைச் சுறா கடிக்க வந்தபோது இருபது விழுந்தது, நான் ஏழு என்றேன், எல்லோரும் மூச்சு விட்டார்கள், அவன்தான் எல்லோரையும்விடப் பெரிதாக மூச்சு விட்டான், மேஜையைத் தட்டினான், மாதாவே என்றான். தெரிந்துகொண்டே தட்டினான். குமரவேலைக் காப்பாற்றச் சொன்ன பொய், மழைக்காலத்தில் கதை இழுக்கிறதே என்று சொன்ன பொய், எல்லாம் தெரிந்து, ஒன்றுமே தெரியாதவன் போல ஆச்சரியப்பட்டு, பயந்து, கைதட்டி, எனக்காக ஆடியிருக்கிறான். ஒருநாள் அதைத் தனக்கு லாபமாக்கிக்கொள்ளவில்லை. பவளம் எத்தனை தடவை வலையில் போய் விழுந்தாள், முந்தின நிமிடம்தான் அவன் என் குறிப்பைக் கண்ணாடியில் பார்த்திருப்பான், வலை அங்கே இருக்கிறது என்று தெரிந்தே காலை வைத்திருக்கிறான். அப்படியானால் அன்றைக்கும் நாலைப் பார்த்தான். பார்த்துவிட்டு, நான் என்ன சொல்லப்போகிறேன் என்று என் முகத்தைப் பார்த்தான். அவன் அழுதது பவளத்துக்காக இல்லை. எழுந்து வாஷ்பேசினுக்குப் போய்க் குனிந்து நின்றேன், ஒன்றும் வரவில்லை, கையில் ஸ்பிரிட்டும் ரெக்சினும் நகப்பூச்சும் கலந்த நாற்றம்தான் வந்தது. கண்ணாடியில் என் முகம். அந்தக் கண்ணாடியையும் பார்க்கப் பிடிக்கவில்லை. அழுதது அசிங்கமாகப் போய்விட்டது, மனதில் வைத்துக்கொள்ளாதே. நான் மன்னித்தேன். எட்டு மாதம் நான் போன் செய்வேன் என்று பார்த்திருப்பான், ஒரு வார்த்தை சொல்வேன் என்று பார்த்திருப்பான், நான் சொல்ல மாட்டேன் என்று தெரிந்த பிறகு, செய்யாத தப்புக்கு அவனே மன்னிப்புக் கேட்டு எனக்கு வழி விட்டான். நான் அந்த வழியிலும் துடைத்துவிட்டேன் என்று ஒரு பொய்யைப் போட்டேன். யார் மேலாவது கோபப்பட முடியுமா என்று பார்த்தேன். கண்ணாடி பதிக்கச் சொன்ன செண்பகா மேல் ஒரு நொடி கோபப்பட்டேன். அதற்கும் வெட்கமாக இருந்தது.

மணி இரண்டு முப்பது. எவர்சில்வர் டப்பாவைத் திறந்து பொத்தான்களைக் கொட்டினேன். சிவப்புப் பொத்தான் அடியில் கிடந்தது, ஒரு கண் அடைபட்டு, அதனால்தான் அவன் அதைத் தேர்ந்தெடுத்தான். துடைத்துத் தனியாக ஒரு காகிதத்தில் மடித்துப் பையில் முதலில் வைத்தேன். விரிப்பைச் சுருட்டினேன், பிசுபிசுத்த பக்கம் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க நடுவில் நேற்றைய செய்தித்தாளை வைத்தேன். அட்டைத் துண்டுகள், மிச்சமிருந்த ஒரு பென்சில், பகடை. மூன்று மடிப்பு அட்டையை மடித்து ஷோகேஸ் மேல் வைத்தேன். அது வேண்டாம். இனி அது இல்லாமல், எல்லாவற்றையும் வெட்டவெளியில் உருட்டுகிறேன். நினைத்ததும் நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது, உடனே அந்த நிமிர்வும் நாறியது, இதுவும் ஒரு பேச்சுதானே, எழுந்து நின்று சொல்ல எழுதி வைத்த இன்னொரு பேச்சு. பேச்சு வேண்டாம். நேரில் போனால் நிலோபர் இருப்பாள், குமரவேல் இருப்பான், வாயைத் திறக்க மாட்டேன், எனக்கு என்னைத் தெரியும். போனை எடுத்தேன். இரண்டாவது மணியிலேயே எடுத்தான். அவன் வீட்டில் நாற்காலி இழுக்கிற சத்தம் கேட்டது. கிளம்பிவிட்டாயா என்றான்.

“அன்னிக்கு விழுந்தது நாலுடா” என்றேன்.

நாற்காலிச் சத்தம் நின்றது. எந்த அன்றைக்கு என்று அவன் கேட்கவில்லை. 

“ம்” என்றான். அப்புறம், “எட்டு மாசம் ஆச்சு உனக்கு” என்றான்.

அந்த அறையும் அழியவில்லை, அழித்துவிட்டேன் என்று சொன்னதும் பொய், அழிக்கப் பார்த்து விரிப்பையே நாசமாக்கிவிட்டேன் என்று சொன்னேன். அப்படியானால் திரும்ப வரைய வேண்டியதில்லை, அப்படியே கொண்டு வா, பவளத்தின் தம்பி அக்காவை எடுத்துக்கொள்வான் என்றான். குரலில் கோபமும் இல்லை, கனிவும் இல்லை. திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். நான் சும்மா இருந்திருக்கலாம். அட்டையை எடுத்து வரவில்லை என்றேன், இனிமேல் உங்கள் முன்னாலேயே உருட்டுகிறேன் என்றேன்.

“அட்டை இல்லாம என்னடா ஆட்டம்” என்றான் சகாயம். “எடுத்துட்டு வா. எங்க வீட்ல ஷோகேஸ் கிடையாது.”

வைத்துவிட்டான். நான் போனை மேஜையில் வைத்தேன். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு ஷோகேஸ் மேலிருந்து அட்டையை எடுத்தேன். மடிப்பிலிருந்த கொசுவை நகத்தால் சுரண்டி எடுத்து, ஈரத்துணியால் இரண்டு பக்கமும் துடைத்து, பையில் செருகினேன். விரிப்புக்கும் பைச் சுவருக்கும் நடுவில் அது பாதிதான் இறங்கியது, ஜிப் மூடவில்லை. அப்படியே தூக்கிக்கொண்டு படி இறங்கினேன்.